ஒரு மெட்டு, இரு மேதைகள்

பௌதிகம் படிக்க வந்தவனுக்கு விடுதி அறையில் கீபோர்டு எதற்கு என்று கேட்பார் உண்டு. திருப்பதியில் விடிந்தால் அன்னமாசாரியார் கீர்த்தனம் காதில் விழுகிறது. கை சும்மா இருப்பதில்லை. அவர் பாடல்கள் திருமலைச் செப்பேடுகளில் இராகப் பெயரோடு கிடைத்தன, மெட்டு கிடைக்கவில்லை. இன்று நாம் கேட்பவற்றுள் பல, இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் மெட்டமைத்தவை. இதற்கு நேர்மாறான கதை ஒன்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முத்துசாமி தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தவர். கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அச்சிறு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். அவையே நோட்டுஸ்வரங்கள். அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டு. மெட்டை வைத்துக்கொண்டு சொல்லைப் புதிதாக்கினார்.

அதே மெட்டுக்கு வியன்னாவில் பீத்தோவன் 1803-இல் பியானோவில் ஏழு மாறுபாடுகள் இயற்றினார். மும்மூன்று தட்டாக 14 அளவுகளில் முடியும் சிறு மெட்டு அது. நம் சங்கதிகளைப் போன்றதுதானே என்று எண்ணலாம், முழுவதும் அன்று. சங்கதியில் பாட்டின் வரி நிலைத்து நின்று, ஒன்றைத் தழுவி ஒன்று வளரும். பியானோ மாறுபாட்டிலோ மெட்டே மறைந்துபோகலாம். அடியில் ஒரே சமயத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசைதான் பாட்டைத் தாங்குகிறது. ஐந்தாம் மாறுபாட்டில் அந்தர காந்தாரம் போய்ச் சாதாரண காந்தாரம் வருகிறது. சிரித்த முகம் வாடிவிடுகிறது. ஆறாவதில் மூன்று தட்டு நான்காகிப் போர்வீரர் நடை போடுகிறது.

நானும் வேறொரு நோட்டுஸ்வரத்தை எடுத்து முயன்றேன். விரல் கமகத்துக்கே துடித்தது. என் கீபோர்டில் சுரத்தை வளைக்க வழியில்லை. வளைவுக்குப் பதில் துணைச்சுரங்களை அள்ளித் தெளித்தேன். தெலுங்கரான அறைத்தோழர் கேட்டுவிட்டு, “அதே பாட்டுக்கு நகை பூட்டியிருக்கிறாய்” என்றார். சுருக்கென்றது. ஆனால் உண்மை.

குறை எங்கே என்று பின்னர்தான் புரிந்தது. நோட்டுஸ்வரம் நமக்கு ஒற்றை வரியாகவே வந்திருக்கிறது. கீழே நிற்க வேண்டிய சுரக்கூட்டுகள் அதில் இல்லை. அந்த அடித்தளத்தை நானே கட்ட வேண்டியிருந்தது. இடக்கைக்குக் கூட்டுகளை எழுதிக்கொண்டு, வலக்கையில் மெட்டை அறவே விட்டு, புதிய வரி ஒன்றைத் தேடினேன். பதினொரு நாளாயிற்று. (ஆய்வகக் குறிப்பேடு அதுவரை காத்திருந்தது.)

நேற்றிரவு வாசித்துக் காட்டினேன். “இது எந்தப் பாட்டு?” என்றார் தோழர். பதில் சொல்லாமல் மறுபடி வாசித்தேன். பாதியில், அவராகவே அந்த நோட்டுஸ்வரத்தை மேலே முணுமுணுக்கத் தொடங்கினார்.