கடல் தண்ணீர் குழாயில் வருமா?



எங்கள் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஜோலார்பேட்டை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த ஊர் ரயில் நிலையத்திலிருந்து ஒரு வித்தியாசமான ரயில் புறப்பட்டது. அதில் பயணிகளும் இல்லை, அரிசி மூட்டைகளும் இல்லை. 50 வேகன்களிலும் தண்ணீர்! மேட்டூரிலிருந்து குழாய் வழியாக வரும் காவிரித் தண்ணீர். ஜூலை 12-ஆம் தேதி முதல் ரயில் சென்னை வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. ஒரு ரயிலில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் போனது.

ஏன் தெரியுமா? சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அந்தக் கோடையில் வறண்டுவிட்டன.

"சென்னையில்தான் அவ்வளவு பெரிய கடல் இருக்கிறதே! அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்போதே எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்! சென்னையில் அப்போது இரண்டு கடல் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடியவை. ஒரு நிலையம் ஒரு நாளில் தரும் தண்ணீரை ரயிலில் கொண்டுவர வேண்டுமானால் எத்தனை ரயில் வேண்டும்? 10 கோடியை 25 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். 40 ரயில்கள்!

கடல் தண்ணீர் எப்படிக் குடிதண்ணீராகிறது, அதற்கு யார் யார் கைகோர்க்கிறார்கள் என்பதை இன்று தெரிந்துகொள்வோமா?

கடல் நீரை ஏன் குடிக்க முடியாது?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தேக்கரண்டியால் அளந்தால் ஏறக்குறைய ஏழு கரண்டி. ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் எல்லாம் சேர்ந்து அரை கிராமுக்குள் இருப்பது நல்லது.

'உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அதில் அறிவியல் இருக்கிறது. உடலில் அதிகமாகச் சேரும் உப்பைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. ஆனால் கடல் நீர் அளவுக்கு உப்பான சிறுநீரை நம் சிறுநீரகத்தால் உருவாக்க முடியாது. எனவே ஒரு லிட்டர் கடல் நீரைக் குடித்தால், அதிலுள்ள உப்பை வெளியேற்ற ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் தேவைப்படும். உடலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் போய்விடும். கடல் நடுவே தத்தளிப்பவர்கள் தாகத்தால் இறப்பதற்குக் காரணம் இதுதான்.

திராட்சை சொல்லும் பாடம்

உலர்ந்த திராட்சையை இரவில் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் உப்பிப் பெரிதாகியிருக்கும். அதன் தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. மாங்காய்த் துண்டுகளில் உப்புப் போட்டுப் பாட்டி ஜாடியில் வைக்கிறாரே, மறுநாள் என்ன ஆகிறது? துண்டுகள் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. இங்கே தண்ணீர் வெளியே வந்துவிட்டது.

இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். மெல்லிய தோல் போன்ற சவ்வு நடுவில் இருந்தால், உப்போ சர்க்கரையோ குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்குத் தண்ணீர் தானாகவே நகரும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

தண்ணீர் எதிர்ப்பக்கமாக நகர்ந்தால் நமக்கு லாபம் அல்லவா? உப்புள்ள பக்கத்தை மிக பலமாக அழுத்தினால் அது நடக்கும். தண்ணீர் மட்டும் சவ்வைத் தாண்டி வரும்; உப்பு பின்தங்கிவிடும். இதுதான் எதிர்ச் சவ்வூடு பரவல். வீடுகளிலும் கடைகளிலும் 'ஆர்.ஓ. தண்ணீர்' என்கிறோமே, அது இந்த முறையில் கிடைப்பதுதான்.

இதற்கு ஏற்ற சவ்வை உருவாக்கியவர்களில் ஒருவர் நம் நாட்டவர். 1960-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள்.

ஆலைக்குள் நுழைவோம்

முதலில் கடலுக்குள் நீண்டிருக்கும் பெரிய குழாய் வழியாகத் தண்ணீரை எடுக்கிறார்கள். மீனும் பாசியும் உள்ளே வராமலிருக்கச் சல்லடைகள் உண்டு. அடுத்து, மணல் முதலிய வடிகட்டிகளில் தூசும் சேறும் நீக்கப்படுகின்றன.

பிறகுதான் முக்கியமான வேலை. மிக வலிமையான பம்புகள் அந்தத் தண்ணீரைச் சவ்வுகளின் மீது தள்ளுகின்றன. எவ்வளவு அழுத்தம் தெரியுமா? கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல 25 மடங்குக்கும் மேல்! பாயைச் சுருட்டுவது போலச் சவ்வைப் பல அடுக்காகச் சுருட்டி நீண்ட குழல்களுக்குள் அடைத்திருப்பார்கள். குழலின் ஒரு வழியில் நல்ல தண்ணீர் வரும். இன்னொரு வழியில், கடல் நீரைவிட அதிக உப்புள்ள தண்ணீர் வெளியேறும்.

கடைசியில் நல்ல தண்ணீரில் நமக்குத் தேவையான தாது உப்புகளைச் சிறிதளவு சேர்த்து, கிருமி வராமல் குளோரின் கலந்து, குழாயில் அனுப்புகிறார்கள்.

வாரியமும் வெளிநாட்டாரும்

சென்னைக் குடிநீர் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978-இல் தொடங்கப்பட்டது. 'மெட்ரோ வாட்டர்' என்றால் சென்னையில் எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து தண்ணீர் பெறுவது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1983-இல் ஆந்திரத்துடன் செய்த ஒப்பந்தப்படி, கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நதி நீர் 1996 முதல் பூண்டிக்கு வருகிறது. ஆனால் மழை பொய்த்தால் அங்கும் தண்ணீர் குறையும். மழையை நம்பாத ஒரே தண்ணீர் கடல் தண்ணீர்தான். அதனால் வாரியம் கடலின் பக்கம் திரும்பியது.

மீஞ்சூருக்கு அருகில் காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நிலையம் திறக்கப்பட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனமும் ஸ்பெயின் நாட்டின் பெபெசா நிறுவனமும் சேர்ந்து அதை அமைத்தன. அதில் ஒரு புதுமை. ஆலையைக் கட்டுவதும் 25 ஆண்டுகள் நடத்துவதும் நிறுவனத்தின் பொறுப்பு. தண்ணீரை விலைக்கு வாங்கி மக்களுக்குக் கொடுப்பது வாரியத்தின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. அதாவது ஒரு லிட்டருக்கு ஐந்து காசுகூட இல்லை.

2013 பிப்ரவரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலியில் இரண்டாவது நிலையம் வந்தது. இதை சென்னையின் வாபாக் நிறுவனமும் இஸ்ரேல் நாட்டின் ஐ.டி.இ. நிறுவனமும் அமைத்தன. அதே நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இன்னொரு நிலையம் திறக்கப்பட்டது. இதற்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி கடன் கொடுத்தது. பக்கத்திலுள்ள பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் நீர் தரும் நிலையத்துக்கு, ஜப்பான் நாட்டின் நிதியுதவியுடன், 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள்.

தண்ணீர் வங்காள விரிகுடாவினுடையது. தொழில்நுட்பம் ஒரு நாட்டினுடையது, பணம் இன்னொரு நாட்டினுடையது. குடிப்பவர்கள் நாம்!

யாழ்ப்பாணத்திலும் கடல் நீர்

இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடி நீர்தான் கதியாக இருந்தது. கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவர ஒரு திட்டம் போட்டார்கள். "எங்கள் வயலுக்கே தண்ணீர் போதாதே!" என்று கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் கடலிடம் போனார்கள். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் தாளையடி கடற்கரையில் நாளொன்றுக்கு 2 கோடியே 40 லட்சம் லிட்டர் தரும் நிலையம் அமைந்தது. 2024 ஆகஸ்டில் அது திறந்து வைக்கப்பட்டது.

நாட்டு எல்லையைத் தாண்டுமா தண்ணீர்?

ஒரு நாட்டில் சுத்திகரித்த கடல் நீரை அடுத்த நாட்டுக்குக் குழாயில் அனுப்ப முடியுமா? அதற்கும் முயற்சி நடந்தது.

அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்கு அருகில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஒட்டாய் என்ற பகுதி இருக்கிறது. அங்கே தண்ணீர் விநியோகம் செய்யும் அமைப்பு, மெக்சிகோவின் ரொசாரிட்டோ கடற்கரையில் வரவிருந்த நிலையத்திலிருந்து நீர் வாங்க விரும்பியது. எல்லையைக் குழாய் தாண்ட வேண்டுமானால் சாதாரண அனுமதி போதாது. அமெரிக்க அதிபரின் பெயரில் தரப்படும் தனி அனுமதி வேண்டும். பல ஆண்டு காத்திருந்து, 2017 மே மாதம் அதைப் பெற்றார்கள். ஆனால் 2020-இல் மெக்சிகோ பக்கத்து மாநில அரசு அந்த நிலையத் திட்டத்தையே ரத்து செய்துவிட்டது.

பார்த்தீர்களா? கடலிலிருந்து உப்பைப் பிரிப்பதைவிட, இரண்டு அரசுகள் கடைசிவரை ஒத்துப்போவது கடினமாக இருக்கிறது! அதனால்தான் அண்டை நாட்டை நம்பியிருக்கும் ஊர்கள் சொந்தமாகவும் ஒரு வழி வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் சிங்கப்பூர், 2005-இல் துவாஸ் என்ற இடத்தில் தன் முதல் கடல் நீர் நிலையத்தைத் திறந்தது இந்த எண்ணத்தில்தான்.

உப்பு எங்கே போகிறது?

இப்போது ஒரு முக்கியமான கேள்வி. மீஞ்சூரில் 10 கோடி லிட்டர் குடிநீர் பெற 23 கோடியே 70 லட்சம் லிட்டர் கடல் நீர் எடுக்கிறார்கள். மீதி 13 கோடியே 70 லட்சம் லிட்டர்? அது கூடுதல் உப்போடு கடலுக்கே திரும்புகிறது. கடல் பெரியது, கலந்துவிடும் என்கிறார்கள் பொறியாளர்கள். குழாய் முடியும் இடத்தில் உள்ள மீன்களும் இறால்களும் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள் கரையோர மீனவர்கள். அவர்கள் கேள்வியைக் கவனமாகக் கேட்டு, அந்த நீரை நன்றாகப் பரவும்படி விடுவதும், அடிக்கடி சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.

மின்சாரமும் நிறையச் செலவாகிறது. ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். 10 கோடி லிட்டருக்கு எவ்வளவு? 3 முதல் 4 லட்சம் யூனிட், அதுவும் ஒரே நாளில்!

உப்பு எங்கே போகும் என்ற கேள்வி எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. வாணியம்பாடியிலிருந்து கடல் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம். ஆனால் உப்புத் தண்ணீர் எங்களுக்கும் உண்டு. தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் டேனரிகளுக்குக் கொண்டுவருகிறார்கள். கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் பாலாற்றிலும் நிலத்திலும் சேர்ந்து, இனித்த கிணறுகள் கரித்தன. நான் பாடம் நடத்திய காலத்தில், பிள்ளைகளை அவரவர் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவரச் சொல்வேன். தட்டில் ஊற்றி வெயிலில் வைப்போம். நீர் காய்ந்ததும் எந்தத் தட்டில் வெள்ளைப் படிவு அதிகம் என்று பார்ப்போம். ஆற்றோரத் தெருக்களின் தட்டுகள் அதிகமாக வெளுத்திருக்கும்.

இந்தப் பகுதி டேனரிக் கழிவு பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றை வழங்கியது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இதே ஆர்.ஓ. முறை வந்தது. நல்ல நீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். பல ரசாயனங்கள் கலந்த அந்த உப்பைச் சமையலுக்கும் பயன்படுத்த முடியாது, கடலும் பக்கத்தில் இல்லை. மழை படாமல் சேர்த்து வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது.

உப்பைப் பிரிக்கலாம், குழந்தைகளே. ஆனால் அதை இல்லாமல் செய்ய முடியாது. எங்கேயோ ஓர் இடத்தில் அது இருந்தே தீரும். அந்த இடம் யாருடைய இடம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

அகலமான பாத்திரத்தில் உப்புக் கரைத்த தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். நடுவில் ஒரு காலி டம்ளரை வையுங்கள். அதன் விளிம்பு பாத்திரத்தின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். பாத்திரத்தின் வாயைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, டம்ளருக்கு நேர் மேலே ஒரு சிறு கல்லை வையுங்கள். வெயிலில் ஒரு நாள் இருக்கட்டும். மாலையில் டம்ளரில் சேர்ந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பே இருக்காது!

எவ்வளவு சேர்ந்தது என்றும் அளந்து பாருங்கள். அநேகமாக ஒரு வாய்த் தண்ணீர்கூட இருக்காது. ஒரு நாள் வெயில் முழுவதும் உழைத்துக் கொடுத்தது அவ்வளவுதான். ஆற்று நீரையும் ஏரி நீரையும் மழை நீரையும் உப்பில்லாமல் நமக்குத் தருவதும் அதே சூரியன்தான். அதற்கு நாம் பம்பும் வைக்கவில்லை, மின்கட்டணமும் கட்டவில்லை. அந்தத் தண்ணீரைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதைவிட மலிவான சுத்திகரிப்பு நிலையம் உலகத்தில் எங்கும் இல்லை.