லாங் ரைடில் கை மரத்துப்போகுதா? எந்த விரல்னு கவனிங்க... காரணம் அங்கேதான் இருக்கு!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பைக் இல்லாமல் பிழைப்பு ஓடாது. சூளகிரி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டையிலிருந்து சிப்காட் ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று தினமும் கர்நாடகாவுக்குள் போய்வருகிறவர்கள் இன்னொரு பக்கம். சனிக்கிழமை ஆனால் போதும், பெங்களூரிலிருந்து தருமபுரி, சேலம் என்று சொந்த ஊருக்குக் கிளம்பும் பைக்குகளால் என்.ஹெச். 44 நிரம்பிவிடும்.

இவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லும் ஒரு புகார், "கொஞ்ச தூரம் ஓட்டினாலே கை மரத்துப்போகுதுங்க." கையை உதறுவோம், தொடையில் நாலு தட்டு தட்டுவோம், சரியாகிவிடும். மறுநாள் மறுபடி வரும். 'பைக் ஓட்டினா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், உணர்வு குறைந்த விரலுக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே சரியாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் லாரி திடீரென்று நிற்கும்போது அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. தவிர, பல மாதங்கள் அழுத்தப்பட்ட நரம்பு ஒரு கட்டத்துக்கு மேல் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம்.

நல்ல விஷயம் என்னன்னா, பெரும்பாலானவர்களுக்கு இதைச் சரிசெய்ய காசே செலவாகாது.

எந்த விரல் மரத்துப்போகுது?

அடுத்த முறை மரத்துப்போனால் உடனே உதறாதீங்க. எந்த விரல் என்று ஒரு நிமிடம் கவனிங்க.

சுண்டு விரலும், அதை ஒட்டிய மோதிர விரலின் பாதியும் என்றால், அது அல்நார் நரம்பு. முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். இது உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கம் இருக்கும் மேட்டுக்குக் கீழே போகிறது. உடம்பின் எடையை ஹேண்டில்பாரில் சாய்த்து ஓட்டினால் அந்த இடம்தான் நசுங்கும். சைக்கிள் பந்தய வீரர்களுக்கு இது அதிகம் வருவதால் 'ஹேண்டில்பார் பால்ஸி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்றால், அது மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவே 'கார்பல் டனல்' என்ற குறுகலான பாதை வழியாக ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகிறது இந்த நரம்பு. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் அந்தப் பாதையில் அழுத்தம் ஏறும்.

எல்லா விரலும் ஒன்றாக மதமதவென்று ஆனால், இறுக்கிப் பிடிப்பதும் அதிர்வும் முக்கிய சந்தேக நபர்கள். கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கினால், பிரச்னை கையில் இல்லாமல் கழுத்து எலும்பில் இருக்கலாம்.

எந்தக் கை என்பதும் துப்பு கொடுக்கும். வலது கை என்றால் ஆக்ஸிலரேட்டர். அந்தக் கையை எடுக்கவே முடியாது, மணிக்கட்டும் முறுக்கியபடியே இருக்கும். இடது கை என்றால் கிளட்ச். ஓசூர் டிராஃபிக்கில் எத்தனை முறை பிடித்து விடுகிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்க!

ஒரு மணி நேரத்தில் 3 லட்சம் உதறல்

நம்மிடம் இருக்கும் பெரும்பாலான பைக்குகள் ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் ஒன்றே மேலும் கீழும் ஓடுவதால் அந்த அசைவை முழுசாகச் சமன்செய்ய முடியாது. மிச்சம் இருப்பது ஹேண்டில்பார் வழியாகக் கைக்கு வருகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 முறை சுற்றினால், நொடிக்கு சுமார் 83 உதறல். ஒரு மணி நேரத்தில் கணக்குப் போட்டால் சுமார் 3 லட்சம்!

அப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்? ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் தயாரிக்கும் வண்டிகளில் பிஸ்டன் கிடையாது, அதனால் இந்த அதிர்வும் கிடையாது. ஆனால் சாலையின் குலுக்கல் அப்படியேதான் இருக்கும். சின்ன சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும் என்பதால், மோசமான ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கும் கை மரத்துப்போகத்தான் செய்யும்.

ஃபேக்டரியில் பாதி, பைக்கில் மீதி

இந்தப் பகுதி இளைஞர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். உங்கள் வேலையில் கிரைண்டர், இம்பாக்ட் ரெஞ்ச், டிரில்லிங் மெஷின், ஜாக் ஹாம்மர் ஏதாவது உண்டா? அப்படியானால் உங்கள் கை பைக்கில் ஏறுவதற்கு முன்பே எட்டு மணி நேரம் அதிர்ந்திருக்கிறது. கை எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் எழுதும்.

அதிர்வு கையைக் கெடுக்கும் என்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய விஷயம். 1911-ல் இத்தாலி மருத்துவர் லோரிகா, காற்றழுத்தக் கருவி பிடித்து வேலை செய்த கல் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவு செய்தார். 1918-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளர்களிடம் இதையே ஆராய்ந்தார் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன். கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் கல் துளைக்கும் கைகளுக்கும் இது பொருந்தும். ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் தபால் கொடுக்கும் ஊழியர்களையும், பைக்கில் ரோந்து போகும் போக்குவரத்துக் காவலர்களையும் ஆராய்ந்தபோது, அவர்களிடமும் விரல் மரத்துப்போகும் தொந்தரவு தெரியவந்தது.

ஐரோப்பிய யூனியன் 2002-ல் கை அதிர்வுக்குத் தினசரி வரம்பு விதித்தது. அந்தக் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது. அதிர்வு இரண்டு மடங்கானால், அதே அளவு பாதிப்பு வர எடுக்கும் நேரம் பாதியாகக் குறையாது. கால் பங்காகக் குறைந்துவிடும். அதனால், வண்டியின் அதிர்வைக் கொஞ்சம் குறைத்தாலே கைக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

முதலில் நீங்க உட்காரும் விதம்

* பிடியைத் தளர்த்துங்க. கோழிக்குஞ்சைக் கையில் பிடிப்பது போல: நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. ஓட்டும்போது அவ்வப்போது இடது கை விரல்களை கிரிப்பில் பியானோ வாசிப்பது போல அசைச்சுப் பாருங்க. அசையவில்லை என்றால் இறுக்கிப் பிடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

* எடையைக் கையில் போடாதீங்க. முழங்கால்களால் டேங்க்கை அணைத்துப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குங்க. ஹேண்டில்பார் திருப்புவதற்கு, சாய்வதற்கு இல்லை.

* முழங்கை லேசாக மடங்கி இருக்கட்டும். விறைப்பாக நீட்டினால் ஒவ்வொரு பள்ளமும் நேராகத் தோளுக்குப் போகும்.

* மணிக்கட்டு நேராக. முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைப் பிடிக்கும்போதே மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால், முறுக்கிய பிறகு அது நேராக வந்து நிற்கும்.

* பேக்கை முதுகிலிருந்து இறக்குங்க. ஊருக்குப் போகும் பையின் எடை தோளை அழுத்தி, கடைசியில் உள்ளங்கையில்தான் இறங்கும். பின் சீட்டில் நன்றாகக் கட்டிவிடுங்க.

அடுத்து, வண்டி

* லீவர் கோணம்: இதுதான் பலரும் தொடாத விஷயம். வழக்கம் போல உட்கார்ந்து, விரல்களை நீட்டி கிளட்ச், பிரேக் லீவர் மேல் வையுங்க. மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கினால் லீவர் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் சொன்னால் போல்ட்டைத் தளர்த்தி, இறக்கி, திரும்ப இறுக்க சில நிமிடங்கள் போதும்.

* கிளட்ச் கேபிள்: டைட்டாக இருந்தால் எண்ணெய் விடச் சொல்லுங்க. பிரிந்த கேபிள் என்றால் மாற்றிவிடுங்க.

* டயர் காற்று: வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுதான் சரி. அதிகம் அடித்தால் குலுக்கல் அப்படியே மேலே வரும்.

* போல்ட்டுகள், கோன் செட், செயின்: இன்ஜின் மவுன்ட், ஹேண்டில்பார் கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, கோன் செட் தேய்ந்திருந்தாலோ அதிர்வு கூடும். புதிதாக அதிர்வு ஆரம்பித்திருந்தால் முதலில் இதைப் பாருங்க.

* ஹேண்டில்பார் முனை எடை: இரு முனையிலும் இருக்கும் உலோகக் குண்டு அழகுக்காக வைத்ததில்லை. அதிர்வை அடக்குவதற்காக. கழற்றிவிட்டு ஃபேன்சி கண்ணாடி மாட்டியிருந்தால், திரும்ப மாட்டிடுங்க.

* வேகம்: ஒவ்வொரு பைக்குக்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில்பார் 'விர்ர்' என்று அதிரும். அந்த வேகத்தைக் கண்டுபிடித்து, ஐந்து கிலோமீட்டர் குறைத்து ஓட்டிப் பாருங்க. வித்தியாசம் உடனே தெரியும்.

கிளவுஸ் வாங்கலாமா?

வாங்கலாம், விழுந்தால் கையைக் காப்பாற்றும். ஆனால் மரத்துப்போவதற்கு அதுவே முழு மருந்து ஆகாது. ஜெல் பேட் வைத்த கிளவுஸ் உள்ளங்கை அழுத்தத்தைக் கொஞ்சம் பரப்பிவிடும். ரொம்பத் தடிமனாக இருந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், பலன் தலைகீழாகிவிடும். அதிர்வு தடுப்பு கிளவுஸ்கள் வேகமான அதிர்வை ஓரளவு குறைக்கும், ரோட்டுக் குலுக்கலுக்குப் பெரிதாக உதவாது.

மார்கழி, தை மாதக் காலையில் மட்டும் கிளவுஸைத் தவிர்க்கவே கூடாது. ஓசூர் குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மரத்துப்போவது சீக்கிரம் வரும். சிகரெட்டும் இதையேதான் செய்கிறது. அதனால் பிரேக்கில் டீ ஓகே, தம் வேண்டாம். வாட்ச், கிளவுஸ் ஸ்ட்ராப் இரண்டையும் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டாதீங்க.

மரத்துப்போகும் முன்பே நிறுத்துங்க

45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட பிரேக். ஓசூரிலிருந்து சேலம் போகிறவர் கிருஷ்ணகிரியில் ஒன்று, தருமபுரியில் ஒன்று, தொப்பூர் இறங்கிய பிறகு ஒன்று என்று முன்பே முடிவு செய்துகொள்ளலாம். கை கேட்டபிறகு நிறுத்துவது லேட்.

நிறுத்தியதும் செய்ய வேண்டியவை: விரல்களை முழுசாக விரித்து மூடுங்க, 10 முறை. கையை முன்னே நீட்டி, மற்றொரு கையால் விரல்களைப் பின்னால் இழுத்து 15 நொடி, கீழே மடக்கி 15 நொடி. தோளைப் பின்பக்கமாகச் சுற்றுங்க, 10 முறை. கழுத்தை இரு பக்கமும் மெதுவாகச் சாய்த்தால் முடிந்தது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்கும்படி ஒரு நிமிடம் வையுங்க. கட்டை விரல் பக்கம் எறும்பு ஊர்வது போல இருந்தால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்ப்பது நல்லது. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகத் தொந்தரவை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீங்க:

* வண்டியை நிறுத்தி வெகு நேரம் ஆன பிறகும் மரத்துப்போனது போகவில்லை
* ராத்திரி தூக்கத்தில் கை மரத்து எழுப்பிவிடுகிறது
* டம்ளர், சாவி கை நழுவுகிறது. சட்டை பட்டன் போடச் சிரமம்
* கட்டை விரலின் அடிச்சதை மெலிந்து தெரிகிறது
* குளிரில் விரல் நுனி வெள்ளையாகிறது
* கையோடு பாதமும் மரத்துப்போகிறது

கடைசியாகச் சொன்னதற்கு சர்க்கரை நோய், பி12 குறைபாடு காரணமாக இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் கை மரத்துப்போகும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இவை தெரிந்துவிடும். தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்வார்கள். ஆரம்பத்தில் வந்தால் ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை, பழக்க மாற்றம் என்ற அளவிலேயே பலருக்குச் சரியாகிவிடும். தாமதித்தால் அறுவை சிகிச்சை வரை போகலாம். ஈ.எஸ்.ஐ கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்க. டாக்டரிடம் பைக் ஓட்டுவதை மட்டும் சொல்லாமல், ஃபேக்டரியில் என்ன கருவி பிடிக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை: ஒரு பக்கக் கை திடீரென்று மரத்து, முகம் கோணி, பேச்சு குழறினால் அது பைக் பிரச்னை இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். மரத்துப்போவதோடு நெஞ்சுவலி வந்தாலும் அதே அவசரம்தான். உடனே 108.

மற்றவர்கள் நாளைக்குக் காலை வண்டி எடுக்கும்போது ஒன்றே ஒன்று செய்யுங்க. லீவர் மேல் விரலை நீட்டி, மணிக்கட்டு நேராக இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, மெக்கானிக் கடை வழியிலேயேதானே இருக்கு!