வெனீர் ஒட்டிய கதவு ஏன் வளைகிறது?

மொரப்பூரில் ஒரு அலமாரிக் கதவு. 5 அடுக்கு பிளைவுட், வெளிப்பக்கம் தேக்கு வெனீர். உள்பக்கத்தை யாரு பார்க்கப் போறான்னு வெறும் பெயின்ட். கொஞ்ச நாளில் வில்லாட்டம் வளைஞ்சு, பூட்டே விழலை.

பழி பிளைவுட் மேல விழுந்தது. காரணம் அது இல்லை.

பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. வெனீரும் மரம்தான். வெள்ளைப் பசையிலுள்ள தண்ணீரைக் குடித்து நாருக்குக் குறுக்கே விரிகிறது, விரிந்தபடியே ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கப் பார்க்கும், பசை விடாது. அதனால் பலகையையே தன் பக்கம் இழுத்துக் குழிய வைக்கும்.

பிளைவுட்டில் அடுக்குகள் 3, 5, 7 என ஒற்றைப்படையில் இருப்பதும் இதுக்குத்தான்: நடு அடுக்குக்கு இருபுறமும் இழுப்பு சமம். ஒரு வெனீர் சேர்த்தால் 6, தராசு சாயும். இரண்டு சேர்த்தால் 7.

ஆகவே பின்பக்கமும் ஒட்டுங்க: அதே கனம், அதே நார்த்திசை, அதே பசை, ஒரே நேரத்தில் அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே, விலை குறைந்த வெனீர் போதும். பாலிஷும் இருபக்கமும் வேணும். அழுத்தத்திலிருந்து எடுத்ததும் தரையில் படுக்கப் போடாம, இருபக்கமும் காத்து படுற மாதிரி நிழலில் நிறுத்துங்க.

பின்பக்கத்துல மிச்சம் பிடிச்ச காசு, கடைசியில கதவையே மாத்துறதுல போயிடும்.