மேயர் கையில் எவ்வளவு?

தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலரைப் பிடிக்கிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவரைத்தான். சென்னையில் விளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. தண்ணீர், 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நகரத் திட்டமிடலுக்கு சி.எம்.டி.ஏ., பஸ்ஸுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம். இவை பதில் சொல்வது கோட்டைக்கு. 200 கவுன்சிலர்கள் உட்காரும் மன்றத்துக்கு அல்ல.

1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு உரியவை என 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் எதை ஒப்படைப்பது என்ற முடிவை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்றும் சொன்னது. தமிழ்நாட்டு நகரங்கள் 2011-க்குப் பிறகு வாக்களித்தது 2022 பிப்ரவரியில். நடுவில் சில ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆட்சி. இப்போது மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆணையரை அரசு நியமிக்கிறது.

பணத்திலும் இதே கதைதான். சொந்த வருமானத்தில் முதன்மையானது சொத்து வரி. 2022-இல் வீடுகளுக்கு அது 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தபோது, எந்த அளவு வீட்டுக்கு எத்தனை சதவீதம் என்று வகுத்தது மாநில அரசு. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் வேண்டுமானால் வரியைத் திருத்தியாக வேண்டும் என்பது அதற்கும் மேலிருந்து வந்த நிபந்தனை. வாசலில் வசவு வாங்கியவர் கவுன்சிலர்.

தொழில் வரி இன்னும் விசித்திரம். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவே சொல்கிறது. அந்த உச்சவரம்பு வைத்தது 1988-இல். அன்றைய சம்பளம் என்ன, இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் பொறியாளர் வாங்கும் சம்பளம் என்ன! வரம்பை உயர்த்த மாநகராட்சியாலும் முடியாது, மாநிலத்தாலும் முடியாது. நாடாளுமன்றம் மனசு வைக்க வேண்டும்.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருகிறது. அதில் கிராமங்களுக்குப் போக மிச்சம்தான் நகரங்களுக்கு. பத்திரப் பதிவின்போது வசூலாகும் 2 சதவீதக் கூடுதல் தீர்வையும் உண்டு.

பெரிய வேலைக்குக் கடன்தான் வழி. சென்னை 2025-இல் தன் பெயரிலேயே 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. சின்ன ஊர்களை நம்பி யார் கொடுப்பார்கள்? 2002-இல் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் சில கூட்டுச் சேர்ந்து, குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காகச் சுமார் 30 கோடி திரட்டின. ஊர்களின் சொந்த வசூலோடு, மாநிலத்திடமிருந்து வரவேண்டிய பங்கும் அதற்கு ஈடாக நின்றது. தவணை தவறினால் அரசு அதில் பிடித்துக்கொள்ளும்.