பட்டறைக்கல்லை இரவல் கொடுத்தவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



திருச்சியிலிருந்து கரூர் சாலையில் முக்கொம்புக்குப் போகிறவர்கள் ஜீயபுரம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையைப் பார்த்திருக்கலாம். கீற்றுக் கொட்டகை, ஒரு உலை, காற்றுக்கு ஒரு சிறிய மின்விசிறி, மரக்கட்டையில் பதித்த பட்டறைக்கல். அதன் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் கல்லறைத் தோட்டத்து மண்வெட்டி, கோயில் கேட்டின் கீல், திருவிழாத் தேரின் அச்சாணி எல்லாம் பல ஆண்டுகளாக அவர் கையில்தான் சீராகின்றன.

ஆடிப்பெருக்குக்குச் சில வாரங்களுக்கு முன் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து அந்தச் சாலையோரப் புளியமரத்தடியில் தங்கியது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்து, போகிறவர் வருகிறவர் கண்முன்னாலேயே அரிவாளும் கத்தியும் செய்து விற்றார்கள். தரையில் முளை அடித்தாற்போல் ஊன்றியிருந்த சிறிய இரும்புதான் அவர்களுக்குப் பட்டறைக்கல். வந்த நாலாம் நாள் அது விரிசல் விட்டுவிட்டது.

பெரியவர் தம் கொட்டகையில் சும்மா கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்றை எடுத்துப் போய் அவர்களுக்குக் கொடுத்தார். அது கொஞ்சம் குட்டை, மேல்பக்கம் குறுகல். அரிவாளுக்குப் போதும், கோடரிக்குப் போதாது. அதனால் பெரிய வேலை வரும்போது அவர்கள் இவருடைய கல்லுக்கே வந்து அடிக்கத் தொடங்கினார்கள். ஒரே கல், இரண்டு கொல்லர்கள், இரண்டு கடைகள்.

இதன் பிறகுதான் நம்மிடம் ஆள் வந்தது. வந்தவர் பெரியவரின் மகன். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டராக இருக்கிறார். "சாமி, நீங்க சொன்னா எங்கப்பா கேப்பாரு. அவங்க பாதி விலைக்கு விக்கிறாங்க. கல்லையும் கொடுத்துட்டு, கரியையும் பங்கு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. இந்த மாசம் அவருகிட்ட அரிவாள் வாங்குனது மூணே பேரு." நம் பங்கைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவரும் கூடவே வந்திருந்தார். வெளியூர்க்காரர்களை அங்கே உட்காரவிடக் கூடாது என்று ஊராட்சியில் மனுக் கொடுக்கப்போவதாகவும், அதில் நம் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

நாம் என்ன சொன்னோம்? "பார்ப்போம்" என்றோம். குருக்கள் தப்பித்துக்கொள்ளப் பயன்படுத்தும் சொல் அது என்பது பங்கு மக்களுக்குத் தெரியாததல்ல. மகன் சொன்னது பொய்யில்லை. பசியோடு வந்தவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பலிபீடத்தில் நின்று சொல்வது நமக்கு எளிது. வருமானம் குறைவது நமக்கில்லை.

மறுநாள் மாலை நேரில் போனோம். அங்கே பார்த்ததைச் சொல்லுமுன், பட்டறைக்கல்லில் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பட்டறைக்கல்லைச் சில ஊர்களில் அடைகல் என்பார்கள். பெயரில் கல் இருந்தாலும் அது இரும்புதான். அடியைத் தாங்குவது மட்டும் அதன் வேலையன்று. நல்ல கல் சுத்தியலை மேலே திருப்பி எறியும். அடித்த வேகத்தில் ஒரு பங்கு கொல்லனின் கைக்கே திரும்பி வருவதால் அடுத்த ஓங்கல் சுலபமாகிறது. கெட்ட கல் அடியை விழுங்கிவிடும், மாலைக்குள் தோள் போய்விடும். ஆகவே ஒரு கொல்லர் தம் நல்ல கல்லை இன்னொருவருக்கு விடுவது, அவருடைய தோள்வலியில் பாதியைக் குறைப்பதற்குச் சமம்.

இரும்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போதுதான் சொன்னபடி கேட்கும். உலையிலிருந்து எடுத்தால் அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் கிடைக்கும். மங்கிய சிவப்புக்கு வந்தபின் அடித்தால் விரிசல் விடும். அதனால் வாயால் பேசி வேலை வாங்க நேரமில்லை. குறட்டால் பிடித்திருப்பவர் கைச்சுத்தியால் ஓரிடத்தில் மெல்லத் தட்டுவார். சம்மட்டிக்காரர் அதே இடத்தில் ஓங்கி அடிப்பார். தட்டு, அடி, தட்டு, அடி. கைச்சுத்தி இரும்பை விட்டு வெறுங்கல்லில் 'டிங்' என்று விழுந்தால் நிறுத்து என்று பொருள். இந்த மொழிக்குத் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. உலகெங்கும் கொல்லர்கள் ஏறக்குறைய இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அன்று மாலை பெரியவர் குறடு பிடித்திருந்தார். வட நாட்டுப் பெண் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார். ஆம், அவர்கள் குடும்பங்களில் சம்மட்டி பெரும்பாலும் பெண்கள் கையில். செய்துகொண்டிருந்தது ஜீயபுரத்து வாழைத் தோட்டக்காரர் ஒருவருடைய கடப்பாரை. முனை தட்டி முடிந்ததும் பெரியவர் அந்தப் பெண்ணின் கணவர் செய்து வைத்திருந்த கத்தியை எடுத்து நகத்தில் உரசிப் பார்த்து, "பையா, இதுல வெண்ணெய் வெட்டலாம். உருகின வெண்ணெய்" என்றார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பெரியவரின் பழைய அரிவாள் ஒன்றைக் காட்டி, "அண்ணா கத்தி, தாத்தா கத்தி" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சம்மட்டியைப் பெரியவரிடம் நீட்டினார். நீ அடித்துக் காட்டு என்று அர்த்தம். பெரியவர் எழுந்து பத்து அடி அடித்தார். பதினோராவது அடிக்கு முன் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பையன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான். பெரியவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

நம்மையும் விடவில்லை. "சாமி, நீங்க ரெண்டு அடி போடுங்க. பிரசங்கத்துல எங்கள அடிக்கிறது மாதிரியே நெனச்சுக்கிட்டு" என்றார். போட்டோம். இரண்டாவது அடி இரும்பில் படவில்லை.

அன்பர்களே, விவிலியத்தில் கொல்லர்கள் பல இடங்களில் வருகிறார்கள். சீராக்கின் ஞான நூல், அதிகாரம் 38, உலையின் வெப்பத்தில் உடல் வாட, சம்மட்டி ஒலியில் காது மரக்க உழைக்கும் கொல்லரை அருகிலிருந்து பார்த்தவர் எழுதியது போலிருக்கும். இவர்களை யாரும் ஆலோசனைச் சபைக்கு அழைப்பதில்லை, ஆனால் இவர்கள் இல்லாமல் நகரில் குடியிருக்க முடியாது என்று அது ஒப்புக்கொள்கிறது. நம் ஊராட்சி மனுவை எழுதியவர்கள் பெரியவரின் கருத்தைக் கேட்டார்களா என்று விசாரித்தோம். கேட்கவில்லை.

ஆனால் இந்தக் கதைக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பகுதி 1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. இஸ்ரயேல் நாடெங்கும் ஒரு கொல்லன்கூட இல்லை. எபிரேயர் வாளும் ஈட்டியும் செய்துகொள்வார்கள் என்று பெலிஸ்தியர் அஞ்சியதே காரணம். அதனால் கொழுவையும் மண்வெட்டியையும் கோடரியையும் தீட்ட ஒவ்வொருவரும் பெலிஸ்தியரிடமே இறங்கிப் போக வேண்டியிருந்தது. அதற்குக் கூலி ஒரு 'பிம்'. இந்தச் சொல் எபிரேய விவிலியத்தில் இந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. நெடுங்காலம் அதன் பொருள் யாருக்கும் விளங்கவில்லை. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை 'அரம்' என்றே எழுதிவிட்டது. பிறகு அகழாய்வுகளில் 'பிம்' என்று பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன. அவை ஏறக்குறைய ஏழரை கிராம், அதாவது செக்கேலில் மூன்றில் இரண்டு பங்கு எடையுள்ளவை. அது வெள்ளியால் செலுத்த வேண்டிய கூலி என்று அப்போதுதான் தெளிவானது. ஏழை உழவனுக்கு அது சிறு தொகையல்ல. போர் நாளில் சவுலையும் யோனத்தானையும் தவிர எவர் கையிலும் வாள் இல்லை. ஒரு மக்களை அடக்கி வைக்க அவர்களைக் கொல்ல வேண்டியதில்லை, பட்டறைக்கல்லை மறுத்தால் போதும் என்பதைப் பெலிஸ்தியர் அறிந்திருந்தார்கள்.

நம் தமிழ் மரபு வேறொரு படத்தைக் காட்டுகிறது. குறுந்தொகை 172-ஆம் பாடலில், கச்சிப்பேட்டு நன்னாகையார் என்னும் பெண்பாற் புலவர், பிரிவால் வருந்தும் நெஞ்சுக்கு உவமை தேடி ஒரு கொல்லனின் துருத்தியிடம் போகிறார். ஏழு ஊர்களின் பொது வேலைக்காக ஓர் ஊரில் அமைத்த உலைத் துருத்தி அது. இங்கே துருத்தி படுகிற பாட்டைத்தான் அவர் பேசுகிறார். ஏழு ஊர் வேலையையும் தாங்குவதால் அதற்கு ஓய்வே இல்லை. பொதுவாக இருப்பது சுகமானது என்று அவர் சொல்லவில்லை. பெரியவரின் மகனுடைய கவலையும் அதுதான். பகிர்கிறவருக்குச் செலவு உண்டு. அதை மறைத்துப் பேசுகிற மறையுரை நேர்மையானதாகாது.

ஊர் ஊராகப் போகும் கொல்லர்கள் நமக்குப் புதியவர்களும் அல்லர். ராஜஸ்தானத்தில் காடியா லோகார் என்றொரு மக்கள் தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டியிலேயே வாழ்ந்தவர்கள். 1568-இல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, அது மீளும்வரை வீடு கட்டிக் குடியிருப்பதில்லை என்று முன்னோர் சபதம் செய்ததாக அவர்கள் மரபு சொல்கிறது. 1955-இல் பிரதமர் நேரு அவர்களை அந்தக் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். நம் திருச்சியும் இரும்பு வேலையால் ஆள் சேர்த்த ஊர்தானே? ரயில்வே பணிமனை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது, அதோடு வந்த குடும்பங்களும் இங்கே வெளியூர்க்காரர்கள்தாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் பாடகர் குழுவில் பாடுகிறார்கள்.

இன்னொரு பகுதியையும் சொல்லாமல் விட முடியாது. இறைவாக்கினர் எசாயா 41:7-இல், சம்மட்டி அடிப்பவரும் பட்டறைக்கல்லில் வேலை செய்பவரும் ஒருவரையொருவர் ஊக்கப்படுத்துகிறார்கள், இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிக்கொள்கிறார்கள். தனியே படித்தால் தொழிலாளர் ஒற்றுமைக்கு அழகான வசனம். ஆனால் அவர்கள் செய்துகொண்டிருப்பது ஆடாமல் நிற்க வேண்டிய ஒரு சிலை. எசாயா அவர்களைக் கேலி செய்கிறார். ஒற்றுமையாக வேலை செய்வதாலேயே செய்கிற பொருள் நல்லதாகிவிடாது. மனுவில் கையெழுத்துச் சேர்த்தவர்களும் ஒருவருக்கொருவர் நன்றாக ஊக்கமூட்டிக்கொண்டார்கள், தேநீரும் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள்.

பெரியவரிடம் நேராகவே கேட்டோம், நஷ்டம் இல்லையா என்று. "இருக்கு சாமி" என்றார். "ஆனா அவங்க அரிவாள் ஆறு மாசத்துல மழுங்கும். தோய்ச்சல் பத்தாது. தீட்ட எங்கிட்டத்தான் வரணும்." இதில் வியாபாரக் கணக்கு இருக்கிறதே என்று நினைத்தோம். ஆனால் அடுத்த வாரம் போனபோது அவரே அந்தக் கணவருக்குத் தோய்ச்சல் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சிய வாயை நீரில் அமிழ்த்தி எடுத்து, மீண்டும் மெல்லச் சூடேற்றி, வைக்கோல் நிறம் ஏறும்போது நிறுத்த வேண்டும். நீலம் ஓடிவிட்டால் வாய் மென்மையாகிவிடும். விரலால் காட்டி, "இப்ப, இப்ப, எடு!" என்று கத்தினார். அவர் எடுக்கத் தாமதித்ததும், "உன் மாமியாருக்குக் கொடு இந்தக் கத்திய, பத்திரமா இருப்பா" என்றார். கணக்கு எங்கே போயிற்று என்று நாம் கேட்கவில்லை.

மனுவில் நாம் கையெழுத்திடவில்லை. அதை மகனிடமும் கடைக்காரரிடமும் நேரில் சொன்னோம். கடைக்காரர் இரண்டு ஞாயிறு திருப்பலிக்கு வேறு கோயிலுக்குப் போனார். மகன் கோபப்படவில்லை, ஆனால் சம்மதிக்கவும் இல்லை. தம் விடுமுறை நாளில் வந்து, விரிசல் விட்ட அவர்களுடைய சிறிய கல்லுக்கு மட்டும் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். "கிளம்பறப்ப இவங்க கல்லோட கிளம்பட்டும், எங்கப்பா கல்ல தூக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்றார் சிரிக்காமல்.

ஆடி முடியுமுன் அவர்கள் குளித்தலைப் பக்கம் போய்விட்டார்கள். போவதற்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்து மண்வெட்டியைப் பெரியவரிடம் அனுப்பினோம். அவர் அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். கூலியையும் அவரிடமே கொடுக்கச் சொன்னார். நவம்பர் 2, இறந்த நம்பிக்கையாளர் நினைவு நாளுக்காகப் புல் செதுக்கியவர், இந்த முறை வாய் நன்றாகப் பிடிக்கிறதே, யார் அடித்தது என்று நம்மைக் கேட்டார்.