ஷஃபிள் வசதியும் சமவாய்ப்பும்

இசை மென்பொருள்களில், பட்டியலிலுள்ள வரிசையை விட்டுப் பாடல்களைக் கலைத்துப் போட்டு ஒலிக்கச் செய்யும் வசதி ஷஃபிள் எனப்படுகிறது. சீட்டுக் கலைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வருகின்றன, சில பாடல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று இவ்வசதியைப் பற்றிப் பலர் குறை கூறுவதுண்டு. மனித மனம் சமவாய்ப்பைப் புரிந்துகொள்ளும் விதம், மென்பொருள் பாடலைத் தேர்ந்தெடுக்கும் முறை, நிரலில் நேரும் பிழை ஆகியவை இவ்வாறு தோன்றக் காரணமாகலாம்.

சமவாய்ப்பும் சீரான பரவலும்

சமவாய்ப்பு என்றால் எல்லா வரிசைகளும் வருவதற்குச் சமமான வாய்ப்பு உண்டு என்பது பொருள். பாடல்கள் சீராகப் பரவி வரும் என்பது அதன் பொருளன்று.

10 பாடகர்கள் ஒவ்வொருவரும் பாடிய 10 பாடல்கள் கொண்ட, மொத்தம் 100 பாடல்கள் உள்ள ஒரு பட்டியலைக் கருதுவோம். எந்தப் பாடலை எடுத்துக்கொண்டாலும், மற்ற 99 பாடல்களில் அதே பாடகருடையவை 9. ஆகவே அடுத்து வருவதும் அவர் பாடலாக இருப்பதற்கான நிகழ்தகவு 9/99, அதாவது 1/11. பட்டியலில் அடுத்தடுத்த இணைகள் 99 உள்ளன. எனவே முழுப் பட்டியலும் ஒலித்து முடிவதற்குள், சராசரியாக 9 இடங்களில் ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வரும். கேட்பவருக்கு இது குறையாகத் தெரிந்தாலும் கணக்குப்படி இதுவே முறையானது.

மனம் காணும் கொத்துகள்

நாணயத்தை 100 முறை சுண்டினால் கிடைக்கும் முடிவுகளைக் கற்பனையாக எழுதச் சொன்னால், பெரும்பாலோர் தலையையும் பூவையும் மாற்றி மாற்றி எழுதுவர். உண்மையில் சுண்டிப் பார்த்தால், ஒரே பக்கம் தொடர்ந்து 5 முறையோ அதற்கு மேலோ விழுவது ஏறக்குறைய நிச்சயம். தற்செயலாக அமைந்த கொத்துகளுக்கு ஒரு காரணம் இருப்பதாக மனம் நம்பிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது விழுந்த ஜெர்மானியப் பறக்கும் குண்டுகள் குறிப்பிட்ட பகுதிகளைக் குறிவைத்தே விழுந்தன என்று மக்கள் கருதினர். ஆர். டி. கிளார்க் என்பவர் தென் இலண்டனை 576 சம சதுரங்களாகப் பிரித்து, அங்கு விழுந்த 537 குண்டுகளை எண்ணி 1946-இல் முடிவை வெளியிட்டார். குண்டே விழாத சதுரங்கள் 229. குண்டுகள் தற்செயலாக விழுந்திருந்தால் எதிர்பார்க்க வேண்டியது ஏறத்தாழ 227. மக்கள் கண்ட கொத்துகள் தற்செயலால் அமைந்தவையே.

தேர்ந்தெடுக்கும் முறைகள்

ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலிலிருந்தும் ஒரு பாடலைத் தேர்ந்தெடுப்பது ஒரு முறை. இதில் ஒலித்த பாடலே மீண்டும் வரக்கூடும். 100 பாடல்கள் உள்ள பட்டியலில், முதல் 13 பாடல்களுக்குள்ளேயே ஏதேனும் ஒன்று இரண்டாம் முறை வரும் வாய்ப்பு பாதிக்கு மேல். 100 முறை ஒலித்த பின்னும் சராசரியாக 37 பாடல்கள் ஒருமுறைகூட வந்திருக்கமாட்டா.

பட்டியல் முழுவதையும் முதலிலேயே கலைத்துவிட்டு வரிசையாக ஒலிக்கச் செய்வது மற்றொரு முறை. ரொனால்டு ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் ஆகியோர் 1938-இல் வெளியிட்ட வழி இதற்கு அடிப்படை. கணினிக்கேற்ற வடிவத்தை 1964-இல் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்ட் அளித்தார். கடைசி இடத்திலுள்ள பாடலை, அது உட்பட எல்லாவற்றிலிருந்தும் குலுக்கலில் எடுத்த ஒன்றோடு இடம் மாற்ற வேண்டும். பின்னர் அவ்விடத்தை விட்டுவிட்டு, எஞ்சியவற்றில் இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

நிரலில் நேரும் பிழை

எஞ்சியவற்றிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலிலிருந்தும் எடுத்து இடம் மாற்றினால் பிழை நேரும். 3 பாடல்களுக்கு இவ்வாறு செய்தால் 3×3×3 = 27 வழிகள் கிடைக்கும். ஆனால் அமையக்கூடிய வரிசைகளோ 6. 27 என்பது 6-ஆல் வகுபடாததால், சில வரிசைகள் மற்றவற்றைவிட மிகுதியாக வந்தே தீரும்.

கலைத்தல் சரியாக அமையாவிட்டால் விளைவு கடுமையாகவும் இருக்கலாம். வியட்நாம் போருக்கு ஆளெடுக்கும் வரிசையை முடிவு செய்ய, அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1 அன்று 366 பிறந்தநாள்கள் குப்பிகளில் இட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டன. குப்பிகள் நன்கு கலக்கப்படாததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்த இளைஞர்களின் நாள்கள் மிகுதியாக முன்னால் வந்தன. அடுத்த ஆண்டு குலுக்கும் முறை மாற்றப்பட்டது.

நிறுவனங்கள் செய்த மாற்றம்

ஆப்பிள் நிறுவனம் 2005-இல் ஐடியூன்ஸ் மென்பொருளில், ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வருவதைக் கூட்டவோ குறைக்கவோ வசதி செய்தது. சமவாய்ப்பாகத் தோன்றுவதற்காகவே சமவாய்ப்பைக் குறைத்ததாக ஸ்டீவ் ஜாப்ஸ் விளக்கினார். ஸ்பாட்டிஃபை நிறுவனமும் ஃபிஷர்–யேட்ஸ் முறையை விட்டு, ஒரு பாடகரின் பாடல்களைப் பட்டியல் முழுவதும் பரப்பிவைக்கும் முறைக்கு மாறியதாக 2014-இல் விளக்கியது.

சரிபார்க்கும் வழி

ஒரு ஷஃபிள் முறையானதா என்பதைச் சில பாடல்களைக் கேட்ட உணர்வைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. 10 பாடல்கள் கொண்ட பட்டியலைப் பலநூறு முறை கலைத்து, ஒவ்வொரு பாடலும் எத்தனை முறை முதலில் வந்தது என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முறை முதலில் வர வேண்டும். இப்பங்கிலிருந்து பெரிதும் விலகினால் ஐயத்துக்கு இடமுண்டு. சிறிய ஏற்றத்தாழ்வுகள் இயல்பானவை.