விண்ணப்பக் காலத்தில் மவுஸை விடுங்கள், விசைகளைப் பிடியுங்கள்

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் பிரவுசிங் சென்டர்களில் மே, ஜூன் மாதங்களில் மஃரிபுக்குப் பிறகு ஒரு நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு. பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பிள்ளைகளும் பெற்றோரும் கோப்பும் கையுமாக வந்து நிற்பார்கள். ஒரு ஜெராக்ஸுக்காகப் போன நாம், அப்படி ஒரு மாலையில் ஒரு வாப்பாவும் மகளும் பட்ட பாட்டைப் பார்த்தோம்.

பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸை நகர்த்தி, சொடுக்கி, கையை எடுத்துக் கீபோர்டுக்குக் கொண்டுவந்து, ஒரு விரலால் தட்டி, மறுபடி மவுஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அரைமணி நேர வேலை. சாதிச் சான்றிதழ் எண்ணைச் சரிபார்க்கப் போனபோது கை தவறி, திரையின் மேலே உள்ள பின்செல்லும் அம்புக்குறியில் மவுஸ் பட்டுவிட்டது. பக்கம் மாறியது. திரும்பி வந்தால் கட்டங்கள் எல்லாம் காலி.

"வாப்பா, எல்லாம் போயிடுச்சு."

"பரவாயில்லம்மா, முதல்லேர்ந்து போடு" என்றார் அவர். ஆனால் அவருடைய கண் கடிகாரத்தில் இருந்தது. பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

இது அந்தப் பிள்ளையின் தவறு மட்டுமல்ல. முன்பெல்லாம் குரோம் உலாவியில் பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினாலே முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். கட்டத்துக்குள் இருக்கிறோம் என்று நினைத்து ஓர் எழுத்தை அழிக்கப் போய், மொத்தப் படிவத்தையும் இழந்தவர்கள் உலகம் முழுக்க ஏராளம். அதனாலேயே கூகுள் 2016-இல் பேக்ஸ்பேஸிடமிருந்து அந்த வேலையைப் பறித்து, ஆல்ட் + இடது அம்பு என்ற இரட்டை விசைக்குக் கொடுத்தது. தவறிப்போய் பின்னால் சென்றுவிட்டால் பதற்றத்தில் கண்டதையும் சொடுக்காமல், உடனே ஆல்ட் + வலது அம்பை அழுத்திப் பாருங்கள். சில தளங்களில் நிரப்பியவை அப்படியே திரும்பக் கிடைக்கும். பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு நுழையும் தளங்களில் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு கட்டத்துக்குள் தட்டியதை மட்டும் அழித்துவிட்டீர்கள் என்றால் கன்ட்ரோல் + இசட் போதும்.

படிவம் நிரப்புகிறவர் முதலில் பழக வேண்டியது டேப் விசையைத்தான். கீபோர்டின் இடது ஓரத்தில், கேப்ஸ் லாக்குக்கு மேலே இருப்பது. ஒரு கட்டத்தை நிரப்பியதும் அதை ஒருமுறை அழுத்தினால் அடுத்த கட்டம். ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் முந்தைய கட்டம். டிக் போட வேண்டிய சிறு பெட்டியில் நின்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் டிக் விழும். ஆணா பெண்ணா போன்ற வட்டப் பொத்தான்களில் அம்பு விசைகள் வேலை செய்யும். மாநிலங்களின் நீண்ட பட்டியலில் தமிழ்நாட்டைத் தேடி உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஆங்கிலத்தில் அதன் முதல் இரண்டு எழுத்துகளை வேகமாகத் தட்டினாலே அங்கே போய் நிற்கும். ஓர் எழுத்து மட்டும் தட்டினால் தெலங்கானாவோ திரிபுராவோ வந்து நிற்கலாம், கவனம். எல்லாவற்றையும்விட முக்கியம்: படிவத்தின் நடுவில் என்டர் விசையைத் தட்டாதீர்கள். பல தளங்களில் அது 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியதற்குச் சமம்.

அரசுத் தளங்கள் சில நிமிடங்கள் அசையாமல் இருந்தால் தாமாகவே வெளியேற்றிவிடும். அதை எந்தக் குறுக்குவிசையாலும் தடுக்க முடியாது. முகவரி, பள்ளி விவரம் போன்ற நீளமானவற்றை வீட்டிலேயே நோட்பேடில் தட்டி, பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. ஆல்ட் + டேப் அழுத்தினால் நோட்பேடுக்கும் உலாவிக்கும் மாறி மாறிப் போகலாம். கன்ட்ரோல் + சி நகலெடுக்கும், கன்ட்ரோல் + வி ஒட்டும். இவை பலருக்கும் தெரிந்தவைதான். ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகள் இதைக் கேம் விளையாடப் பயன்படுத்தும் அளவுக்குப் படிவத்தில் பயன்படுத்துவதில்லை.

அடுத்து, தேடுதல். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள். முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் விருப்பப் பட்டியல் போட வேண்டும். அந்த அட்டவணையில் வகுப்புவாரியாகத் தனித்தனிப் பத்திகள் இருக்கும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் தனியாக 3.5 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் நமக்கென்று பிசிஎம் என்ற பத்தி உண்டு; அதற்குப் பக்கத்திலேயே பிசி பத்தி. மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே பல பக்கங்கள் கீழே போகும்போது தலைப்பு வரிசை கண்ணிலிருந்து மறைந்துவிடும். பிசி பத்தியைப் பிசிஎம் என்று நினைத்துப் படித்து, கிடைக்கக்கூடிய கல்லூரியைப் பட்டியலில் போடாமல் விட்டால் இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.

கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஃப் விசையைத் தட்டுங்கள். ஒரு சிறு பெட்டி திறக்கும். கல்லூரியின் குறியீட்டு எண்ணை அதில் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அந்த வரிக்குப் போகும். மறுபடி என்டர் தட்டினால் அடுத்த இடம். ஷிப்ட் + என்டர் தட்டினால் முந்தைய இடம். கன்ட்ரோலுடன் கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், கழித்தல் குறிக்குச் சிறிதாகும், பூஜ்யத்துக்குப் பழைய அளவு. தலைப்பு வரிசையும் தேடும் வரியும் ஒரே திரையில் தெரியும் அளவுக்குச் சிறிதாக்கிவிட்டால் பத்தி மாறிப் படிக்கும் ஆபத்து குறையும். இயலாவிட்டால் ஒரு தாளில் பத்திகளின் வரிசையை எழுதித் திரையோரம் ஒட்டிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கன்ட்ரோல் + எஃப் கைவிடும் இடமும் உண்டு. எழுத்தாக இல்லாமல் படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃப் கோப்புகளில் அது எதையும் காணாது. வாக்காளர் பட்டியல்கள் பல அப்படித்தான் கிடைக்கின்றன. 'எதுவும் இல்லை' என்று காட்டியதும் நம் பெயர் பட்டியலில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணில் தெளிவாகத் தெரியும் வேறொரு சொல்லை அதே பெட்டியில் தட்டிப் பாருங்கள். அதையும் காணவில்லை என்றால் அது படக் கோப்பு. வரிவரியாகத்தான் படிக்க வேண்டும், அல்லது தேர்தல் ஆணையத்தின் தேடல் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓர் உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைப்பதைத் தாவல்கள் என்கிறோம். டேப் விசையோடு குழம்பாமல் இருக்க இங்கே அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம். கன்ட்ரோல் + டேப் விசை அடுத்த தாவலுக்குக் கொண்டுபோகும். கன்ட்ரோல் + டபிள்யூ இருக்கும் தாவலை மூடும். தவறி மூடிவிட்டால் கன்ட்ரோல் + ஷிப்ட் + டி அதை மீட்கும். (தமிழில் 'டி' என்று எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளில் எது என்ற சந்தேகம் வரும். இங்கே சொல்வது தமிழ்நாடு என்று ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் எழுத்து.) கன்ட்ரோல் + எல் முகவரிப் பட்டைக்குப் போகும். இவ்வளவு போதும். இணையத்தில் நூறு குறுக்குவிசைகளின் பட்டியல் கிடைக்கும். மனப்பாடம் செய்ய முயன்றவர்கள் மறுநாளே மறந்துவிடுகிறார்கள்.

மவுஸே இல்லாமல் முழு இணையத்தையும் கையாள முடியுமா என்று கேட்டால், வேலப்பன்சாவடியிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் பதில் கிடைக்கும். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரில்தான். திரையில் மவுஸின் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாத ஒருவருக்கு மவுஸ் வெறும் பிளாஸ்டிக் துண்டு. அவர்களுக்கு விசைகளே கண்.

திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் பரவலான ஒன்று என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-இல் இதைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே பின்னர் இணைந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். மற்ற மென்பொருள்களின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாமல் இருந்த நிலையில், இதை இலவசமாகவே தந்தார்கள், இன்றும் இலவசம்தான். தமிழையும் வாசிக்கும். இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும், கே தட்டினால் இணைப்புகளுக்கு, எஃப் தட்டினால் படிவக் கட்டங்களுக்கு. செய்தித்தாளில் நாம் தலைப்புகளை மேய்ந்து பிடித்ததைப் படிப்பதுபோல அவர்கள் காதால் மேய்கிறார்கள்.

மேலே சொன்ன அட்டவணை விஷயத்தில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேலே. முறையாக அமைத்த அட்டவணையில் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசைகளை அழுத்தினால், அடுத்த பத்திக்குப் போகும்போது அதன் தலைப்பையும் சேர்த்தே வாசிக்கும். எனவே பிசியையும் பிசிஎம்மையும் குழப்ப வழியில்லை. 'முறையாக அமைத்த' என்பதில்தான் சிக்கல். படமாக ஒட்டிய அறிவிப்பு, மவுஸால் மட்டுமே அழுத்த முடிகிற பொத்தான், கோணல்மாணல் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சா ஆகியவை அவர்கள் முகத்தில் சாத்தப்படும் கதவுகள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, வங்கிகளும் அரசுத் துறைகளும் செய்ய வேண்டிய இருபது மாற்றங்களைப் பட்டியலிட்டது.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பில் இருந்தார்கள் என்பது நாம் அறிந்ததே. நம் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் நடத்தும் இணையதளங்களில் தொழுகை நேரத்தையும் அறிவிப்பையும் படமாகவே போடுகிறோமே, இன்று ஒரு பார்வையற்ற சகோதரர் அதை எப்படிப் படிப்பார்? எழுத்தாகத் தட்டிப் போட ஐந்து நிமிடம் ஆகாது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையும் என்டரும் மட்டும் கொண்டு உங்கள் பள்ளிவாசல் தளத்தில் நாளைய ஃபஜ்ர் நேரத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று.

அந்த மாலைக்கு வருவோம். நாம் அந்தப் பிள்ளையிடம் டேப் விசையைக் காட்டினோம், கூடவே என்டரைப் பற்றிய எச்சரிக்கையும். முதல் இரண்டு கட்டங்களில் தடுமாறினாள், பிறகு கை பழகிவிட்டது. அரைமணி நேரம் எடுத்த படிவம் இரண்டாம் முறை கால்மணி நேரத்துக்குள் முடிந்தது. விவரங்கள் கையில் தயாராக இருந்ததும் ஒரு காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்ட்ரோல் + பி தட்டி, பிரிண்ட் எடுப்பதற்கு முன் பிடிஎஃப் ஆகவும் சேமித்து வாப்பாவின் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டாள்.

எழுந்துபோகும் முன் இன்னொன்றையும் செய்யச் சொன்னோம். பொதுக் கணினியில் உட்கார்ந்ததுமே கன்ட்ரோல் + ஷிப்ட் + என் தட்டி மறைநிலைச் சாளரத்தைத் திறந்திருக்க வேண்டும்; அதை மூடினால் நுழைவு விவரங்கள் தங்காது. (ஃபயர்பாக்ஸில் என் விசைக்குப் பதில் பி.) அவள் அப்படிச் செய்யவில்லை. ஆகவே தளத்திலிருந்து முறையாக வெளியேறி, கன்ட்ரோல் + ஷிப்ட் + டிலீட் அழுத்தி, குக்கீகளையும் வரலாற்றையும் அழித்தாள். இறங்கிய சான்றிதழ் கோப்புகளை டவுன்லோட் கோப்புறையிலிருந்து தனியாக நீக்க வேண்டும். இந்த விசைகள் அதைச் செய்யாது.

கடைசியாக விண்டோஸ் விசையையும் வி விசையையும் சேர்த்து அழுத்தச் சொன்னோம். விண்டோஸ் கணினிகளில் 2018-இல் வந்த வசதி இது. யாராவது அதை இயக்கி வைத்திருந்தால், நகலெடுத்தவை எல்லாம் ஒரு பட்டியலாக நிற்கும். நின்றது. அவளுடைய ஆதார் எண், அதற்குக் கீழே வாப்பாவின் கைபேசி எண். அதற்கும் கீழே, அந்த நாற்காலியில் அவளுக்கு முன் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் ஆதார் எண்ணும், கடவுச்சொல் போல் தெரிந்த ஒரு சொல்லும்.

"இது யாரோட அமானிதமோ" என்றார் வாப்பா. 'அனைத்தையும் அழி' என்பதை அவரே அழுத்தினார்.